பதினோரு மெத்தைகள்

மத்தியானம் திரைகளை இழுத்து மூடியதும்
பதினோரு மெத்தைகளை விரிப்பேன்.
நீலம் ஆறு, சிவப்பு ஐந்து.
ஒரு நீலத்தின் ஓரத்தில் பல் தடம்:
ஓடெட் கடித்தது, போன குளிர்காலம்,
கடைவாய்ப் பல் முளைத்த வாரம்.

விரல் சப்பித் தூங்குகிறவர்கள் நால்வர்.
மெத்தையைத் தடவுவார்கள், சப்புவார்கள்,
மறுபடி தடவுவார்கள்.
நான் அதை எண்ணிப் பார்த்ததே இல்லை
அந்தக் கடிதம் வரும்வரை.

தையலில் ஒரு வெள்ளைச் சீட்டு உண்டு:
தீத்தடுப்பு விதிகளுக்கு உட்பட்டது.
அதைப் பார்த்துத்தான் வாங்கினேன்.
ஏழு டாலர் கூடுதலாகக் கொடுத்து.

ஜிப்பைத் திறந்து
உள்ளே பழுத்து மஞ்சளாகியிருந்த ஃபோமில்
சர்க்கரைக் கட்டி அளவு வெட்டி எடுத்து
அலுமினியத் தாளில் சுற்றி
பல்கலைக்கழக ஆய்வகத்துக்கு அனுப்பினேன்.
தபால் நிலையத்தில் வழக்கமான கேள்வி:
"உள்ளே அபாயகரமான பொருள் ஏதாவது?"
தெரியாது, என்றேன்.
அதைக் கேட்கத்தான் அனுப்புகிறேன்.

ஆறு வாரம் கழித்துப் பதில்.
நூறு கிராமில் நாலு கிராம்.
பெயர் என் உள்ளங்கை நீளம்,
நடுவில் குளோரின், கடைசியில் பாஸ்பேட்.
அது ஃபோமோடு ஒட்டி நிற்காதாம்.
கசியுமாம். தூசியோடு தூசியாய்
தரையில் இறங்குமாம்.
தரை,
என் பிள்ளைகள் வசிக்கும் உயரம்.

அகஸ்டாவில் குழு அறை. ஆளுக்கு மூன்று நிமிடம்.
மேசையில் பச்சை, மஞ்சள், சிவப்பு விளக்கு.
எனக்கு முன் பேசியவரின் சட்டை கசங்கவே இல்லை.
"நாளை ஒரு குழந்தை எரிந்தால் யார் பொறுப்பு?"
அறையில் யாரும் மூச்சு விடவில்லை.
நானும்தான்.
அவருடையது என்ன கணக்கோ, என் பயம் நிஜம்.

அப்புறம் வில்ஃப்ரெட் திபடோ எழுந்தார்,
தீயணைப்பில் இருபத்தாறு வருடம்.
கழுத்தில் தையல் கோடு. காலரை ஏற்றி மறைக்கவில்லை.
"பற்றாது என்றார்கள். பற்றியது,
சில நொடி தாமதமாக.
அப்புறம் தார் மாதிரிப் புகை.
குளித்துவிட்டுப் படுத்தாலும் மூன்று நாள்
என் தலையணை உறை சாம்பல் நிறம்.
எட்டுப் பேர் ஒரே வண்டியில் போவோம்.
போன கிறிஸ்துமஸ் விருந்துக்கு
ஐந்து நாற்காலி போதுமாக இருந்தது."
மஞ்சள் எரிவதற்குள் உட்கார்ந்துவிட்டார்.

என் முறை.
பெலெட்டியர் என்பதை இரண்டு தடவை எழுத்துக்கூட்டினேன்.
எழுதி வந்த தாள் வியர்வையில் ஊறியிருந்தது.
மெத்தையைத் தூக்கி மேசைமேல் வைத்தேன்,
பல் தடம் அவர்கள் பக்கமாக.
ஓர் உறுப்பினர் தொடப் போனார்,
தொடாமல் கையை இழுத்துக்கொண்டார்.
நான் சொல்ல வந்ததை அந்தக் கை சொல்லிவிட்டது.
பச்சை விளக்கு இன்னும் எரிந்துகொண்டிருந்தது.

ஜூனில் சட்டம் நிறைவேறியது.
இரண்டு ஜனவரி கழித்து, கடைகளில் விற்பவற்றுக்கு.
ஏற்கெனவே விற்றவை பற்றி ஒரு வரி இல்லை.
தொலைபேசியில் கேட்டேன்.
மரியாதையான பெண் ஒருத்தி காத்திருக்கச் சொல்லி,
பியானோ கேட்கவைத்து,
திரும்பி வந்து, தெரியவில்லை என்றாள்.
பாவம், அவளுக்கும்தான் தெரியவில்லை.

குப்பையில் போட்டால் மண்ணுக்குப் போகும்.
யாருக்காவது கொடுத்தால் இன்னொரு வாய்.
எரித்துவிடலாமே என்றார் என் கணவர்,
சொல்லி முடிக்குமுன் அவரே சிரித்துவிட்டார்.
தீக்குப் பயந்து செய்ததைத்
தீயில் போட முடியாது.

ஆகவே கார் கொட்டகையில் கிடக்கின்றன
பதினொன்றும், கறுப்புப் பைகளில், டேப் சுற்றி,
பனி அள்ளும் இயந்திரத்துக்குப் பின்னால்.
சாவி எடுக்கப் போகும்போதெல்லாம்
மூச்சைப் பிடித்துக்கொள்கிறேன். அர்த்தமில்லை, தெரியும்.

பிள்ளைகள் கம்பளியை மடித்துப் போட்டுத் தூங்குகிறார்கள்.
குத்துகிறது என்று ஓடெட் புகார் செய்தாள்,
பிறகு எல்லோருக்கும் முன்னால் தூங்கிப்போனாள்.
ஈரத்துணியால் இரண்டு முறை துடைத்த தரை.
அவள் விரல் மெல்ல வாய்க்குப் போகிறது.
கதவருகே நின்று பார்க்கிறேன்.

கழுவிய விரல்தான்.
இருந்தாலும்.